முன்னே போகும் ஊர்

நற்செய்தி நூல்கள் நான்கினுள் மிகப் பழமையானது என்று பெரும்பாலான ஆய்வாளர் கருதும் மாற்குவின் நூல், எருசலேமில் வெறுமையாகக் கிடந்த ஒரு கல்லறையின் வாயிலில், ஓர் இடத்தின் பெயரைச் சொல்லி முடிகிறது. கல்லறைக்குள் வெள்ளுடையோடு அமர்ந்திருந்த இளைஞன், அதிகாலையில் அங்கு வந்த மூன்று பெண்களிடம் ஒப்படைக்கும் செய்தியில் கோட்பாட்டு விளக்கம் எதுவும் இல்லை. சிலுவையில் அறையப்பட்டவர் உயிர்த்துவிட்டார், அவர் சீடருக்கு முன்னே கலிலேயாவுக்குப் போகிறார், அங்கேதான் அவரைக் காணலாம், இதைப் பேதுருவுக்கும் மற்றவர்களுக்கும் அறிவியுங்கள் என்பதே அதன் சாரம். பெண்களோ நடுங்கி ஓடிப்போகிறார்கள், அச்சத்தால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் படி, வத்திக்கான் படி என்னும் இரு பெரும் கையெழுத்துப் பிரதிகளும் அந்த இடத்திலேயே, 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு, நூலை நிறுத்திவிடுகின்றன. இப்படியொரு முடிவைத் தாங்கமாட்டாத பிற்காலத்தார் சேர்த்த 12 வசனங்களில் பந்தி வருகிறது, பாம்பு வருகிறது, நஞ்சு வருகிறது, விண்ணேற்றம் வருகிறது. கலிலேயா மட்டும் வரவில்லை. முடிவைச் சேர்த்தவர்களுக்கு அது வெறும் வழிக்குறிப்பாகத் தோன்றியிருக்க வேண்டும். மாற்குவுக்கோ அதுதான் கதையின் கடைசி முடிச்சு.

ஒரு சமயத்தின் மூல நூல், தன் உச்சத்தில், தலைநகரத்தையும் கோவிலையும் விட்டு ஒரு மீன்பிடிப் பிரதேசத்தின் பெயரை ஏன் சொல்ல வேண்டும் என்ற கேள்வி, கொழும்புத் தமிழருக்கு வேற்றுநாட்டு வேதாகமப் புலமையின் கேள்வியாக மட்டும் இருக்க முடியாது. வெள்ளவத்தையில் இரு தமிழர் அறிமுகமானால் பெயருக்கு அடுத்ததாக வரும் வினா 'நீங்கள் எவடம்?' என்பதே, காலி வீதியின் ஓர் ஒழுங்கையில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவரும் அதற்கு விடையாகத் தாம் ஆண்டுக்கொருமுறை திருவிழாவுக்குப் போகும், அல்லது போகவே முடியாதுபோன, ஒரு வடபுலக் கிராமத்தையே சொல்வார். கொட்டாஞ்சேனையில் அதே வினா வேறுவிதமாக விழுகிறது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழும் கொழும்புச் செட்டிகளும் பரதரும், மலையகத்திலிருந்து இறங்கி வந்தவர்களும், இரண்டு ஊர் சொல்வதா ஒன்றும் சொல்லாமல் விடுவதா என்று ஒரு கணம் தயங்க இடமுண்டு. வாழும் இடம் வேறு, ஊர் வேறு என்று பிரித்தறியும் பழக்கம் உள்ள ஒரு சமூகம், கலிலேயாவைப் பற்றி எழுதப்பட்டதைத் தனக்கே உரிய கூர்மையோடு வாசிக்க முடியும். அதே பழக்கம் அதைத் தவறாக வாசிக்கவும் வைக்கும்.

கலிலேயா என்ற பெயர், வட்டம் அல்லது சுற்றுவட்டாரம் என்று பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து பிறந்தது. எசாயாவின் நூலில் அது 'பிற இனத்தாரின் வட்டாரம்' என்ற அடைமொழியோடு வருகிறது, கி.மு. 733–732இல் அசீரிய மன்னன் மூன்றாம் திக்லத்-பிலேசர் அப்பகுதியைப் பிடித்து மக்களில் பலரைச் சிறைகொண்டு போன பின்னணி அந்த அடைமொழிக்கு உண்டு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, யூதேயாவிலிருந்து ஆண்ட அஸ்மோனிய அரசர்கள் அதைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தபோது தெற்கிலிருந்து யூதக் குடிகள் அங்கே சென்று குடியேறினர். இயேசுவின் காலத்தில் கலிலேயா ஏரோது அந்திப்பாவின் கையில் இருந்தது, அவன் கி.மு. 4 முதல் கி.பி. 39 வரை உரோமையின் தயவில் ஆண்ட சிற்றரசன். எருசலேமோ கி.பி. 6 முதல் உரோமை ஆளுநரின் நேரடி நிர்வாகத்தில் இருந்தது. ஆகவே கலிலேயர் ஒருவர் எருசலேமுக்குப் போவது, இடையிலிருந்த சமாரியாவைக் கடந்தோ சுற்றியோ, ஓர் ஆட்சியெல்லையிலிருந்து இன்னோர் ஆட்சியெல்லைக்குள் நுழைவதாகும். லூக்காவின் நூலில் பிலாத்து, தன் முன் நிற்பவர் கலிலேயர் என்று கேட்டவுடன் வழக்கை அந்திப்பாவிடம் தள்ளிவிடப் பார்ப்பது இதனால்தான். பிறப்பிடம் அங்கே ஒரு சட்டத் தகவல்.

அந்திப்பா செப்போரிஸ் நகரைப் புதுப்பித்தான், கி.பி. 20ஐ ஒட்டி, ஏரிக்கரையில் பேரரசன் திபேரியுவின் பெயரால் ஒரு புதிய தலைநகரும் எழுப்பினான். செப்போரிஸ் நாசரேத்திலிருந்து 6 கிலோமீற்றர் அளவே தொலைவில் இருந்தது, ஒரு தச்சன் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம். நான்கு நற்செய்திகளிலும் அந்த நகரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. திபேரியாவும் யோவானின் நூலில், கடலின் பெயராகவும் அங்கிருந்து வந்த படகுகளின் புறப்பாட்டிடமாகவும் மட்டுமே தலைகாட்டுகிறது. நற்செய்தியாளரின் கலிலேயா கப்பர்நாகூம், கொராசின், நாயீன், கானா என்னும் சிற்றூர்களால் ஆனது. வரி அங்கிருந்து புறப்பட்டுப் போய்ச் சேரும் நகரங்கள் அதில் இல்லை. ஒரு பிரதேசத்தை எழுதுகிறவர் எதை விட்டுவிடுகிறார் என்பதில்தான் அவருடைய நிலப்படம் இருக்கிறது.

அந்த நிலப்படத்தின் நடுவே நீர். கலிலேயாவின் நீர்நிலை கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 210 மீற்றர் தாழ்வாக, 21 கிலோமீற்றர் நீளமும் 13 கிலோமீற்றர் அகலமுமாகக் கிடக்கிறது. ஏறத்தாழக் கொட்டாஞ்சேனையிலிருந்து மொரட்டுவை வரையிலான தூரமே அதன் நீளம். நன்னீர் நிலையான அதை மாற்கு கடல் என்கிறார். நடுநிலக்கடலை அறிந்திருந்த லூக்கா, கூச்சத்தோடு போலும், அதை ஏரி என்று திருத்துகிறார். இந்த வேறுபாடு தமிழ் மொழிபெயர்ப்புகளுக்குள்ளும் வந்திருக்கிறது. பழைய புரொட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பு லூக்காவிலும் கடல் என்றே வைத்துக்கொள்ள, 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியம் அங்கே ஏரி என்று எழுதுகிறது. இலங்கைத் தமிழர் ஒருவர் மொழிபெயர்த்திருந்தால் இரண்டையும் விட்டு வாவி என்றிருக்கக்கூடும். மட்டக்களப்பில் இருப்பது வாவி, கொழும்பின் நடுவே கிடக்கும் பேரையும் வாவி, ஏரி என்பது இங்கே புத்தகச் சொல். 1986இல் பெரும் வறட்சியில் நீர் வற்றியபோது, கினோசார் கரையின் சேற்றிலிருந்து முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு படகு வெளிப்பட்டது. 8.2 மீற்றர் நீளமான அதன் பலகைகள் பலவகை மரத்துண்டுகளால் திரும்பத் திரும்ப ஒட்டுப்போடப்பட்டிருந்தன. புதுப்பலகைக்கு வழியில்லாத ஒருவரின் கைவேலை அது.

இந்த நிலம் கதையின் பின்னணி மட்டுமா, அல்லது பொருளின் ஒரு பகுதியா என்ற வினாவை நவீன ஆய்வில் அழுத்தமாக எழுப்பியவர் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் லோமையர். 1936இல் வெளிவந்த 'கலிலேயாவும் எருசலேமும்' என்ற நூலில் அவர், மாற்குவின் கலிலேயா புவியியல் பெயரளவில் நிற்காமல் வெளிப்பாட்டின் நிலமாகவும், எருசலேம் எதிர்ப்பின் நிலமாகவும் அமைந்திருப்பதாக வாதிட்டார். இங்கிலாந்தில் ஆர். எச். லைட்ஃபுட் 1938இல் அதே வழியில் நடந்தார். வில்லி மார்க்ஸன் 1956இல் இன்னும் ஓரடி போய், மாற்குவின் நூலே கலிலேயாவில் கூடிக் காத்திருந்த ஒரு சமூகத்துக்காக எழுதப்பட்டது என்றார். ஐரோப்பியப் புலமை இருபதாம் நூற்றாண்டில் சிரமப்பட்டு வந்து சேர்ந்த இந்த இடம், தொல்காப்பியம் படித்த ஒருவருக்குத் தொடக்கப்பாடம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்தில் வாழ்வனவும் அங்குள்ளார் தொழிலும் கருப்பொருள் என்றும், அவற்றினூடே வெளிப்படும் மனித ஒழுக்கம் உரிப்பொருள் என்றும் வகுத்த மரபில், கடற்கரை என்று சொன்னவுடனே ஒரு மனநிலையும் சொல்லப்பட்டாயிற்று. மாற்குவைத் திணையாக வாசித்தால், வலை பழுதுபார்க்கும் கரையில் அழைப்பும், அப்பம் பெருகும் பாழிடத்தில் பசியும், உருமாறும் மலையில் அச்சமும், எருசலேமில் வழக்கும் வஞ்சமும் நிலத்தோடு நிலமாகப் பொருந்தி நிற்பதைக் காணலாம். வாவி மருதமா நெய்தலா என்று இலக்கணப் புலவர் சண்டையிட இடமுண்டு. நீர் நன்னீர், தொழிலோ மீன்பிடி.

மாற்குவில் கலிலேயா என்ற பெயர் 12 இடங்களில் வருகிறது. முதலாவது, இயேசு கலிலேயாவின் நாசரேத்திலிருந்து யோர்தானுக்கு வரும் இடம். கடைசி, கல்லறை இளைஞனின் வாயில் வரும் இடம். அதற்குச் சற்று முன்னே, சிலுவையைத் தொலைவில் நின்று பார்த்த பெண்களைப் பற்றிச் சொல்லும்போது, இவர்கள் கலிலேயாவில் இருந்த நாள் தொட்டு அவரைப் பின்பற்றிப் பணிவிடை செய்துவந்தவர்கள் என்ற தகவலை மாற்கு முதன்முறையாக வெளியிடுகிறார். பதினைந்து அதிகாரங்களாக அவர்கள் கூடவே நடந்திருக்கிறார்கள், வாசகர் கண்ணில் படாமல். கலிலேயாவுக்குத் திரும்பு என்ற செய்தி அவர்களிடம் கொடுக்கப்படுவதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், அது நூலின் தொடக்கத்துக்குத் திரும்பிப்போய், விட்டுப்போனவர்களையும் சேர்த்து மறுபடி வாசி என்ற கட்டளையாகவும் கேட்கிறது.

லூக்கா இதை ஏற்கவில்லை. அவர் எழுதியது இரண்டு பாகக் கதை. முதற்பாகம் எருசலேமில் முடிந்து, அப்போஸ்தலர் பணிகள் என்னும் இரண்டாம் பாகம் எருசலேமில் தொடங்கி உரோமையில் நிற்கிறது. இடையில் சீடர் வடக்கே போய்விட்டால் கதை கெட்டுவிடும். ஆகவே அவர் ஒரு நுட்பமான வேலை செய்கிறார்: கல்லறையில் கலிலேயா என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பணியை மாற்றிவிடுகிறார். அவருடைய நூலில் பெண்களிடம் பேசுகிற இருவர் கலிலேயாவுக்குப் போகச் சொல்வதில்லை. கலிலேயாவில் இருந்தபோது அவர் சொன்னதை நினைத்துப்பாருங்கள் என்கிறார்கள். மாற்குவில் போக வேண்டிய இடமாக இருந்தது லூக்காவில் நினைக்க வேண்டிய இடமாகிவிட்டது. பிறகு சீடர் நகரை விட்டு நீங்கக்கூடாது என்ற கட்டளையும் வருகிறது. மத்தேயு மாற்குவின் பக்கம் நின்று பதினொருவரைக் கலிலேயாவின் மலையொன்றுக்கு அனுப்புகிறார். யோவானின் நூலோ உயிர்ப்பைச் சொல்லும் இருபதாம் அதிகாரத்தில் எருசலேமில் இருந்துவிட்டு, பின்னிணைப்புப் போன்ற இருபத்தோராம் அதிகாரத்தில் திபேரியாக் கடற்கரைக்குப் போகிறது. பவுலின் கடிதங்களில் கலிலேயா என்ற பெயரே கிடையாது. அப்போஸ்தலர் பணிகளில் கலிலேயாவிலும் சபை இருந்தது என்பதற்கு ஒரேயொரு வரி உண்டு. அது எப்படி உண்டாயிற்று, யார் நடத்தினார்கள் என்பதற்கு அரை வரியும் இல்லை.

அந்த வட்டாரம் கிறிஸ்தவரின் நினைவிலிருந்து விலகிய காலத்தில் யூதரின் கைக்கு அது இன்னும் நெருங்கி வந்தது. கி.பி. 70இல் எருசலேமின் கோவில் எரிந்த பின், குறிப்பாக இரண்டாம் நூற்றாண்டில், யூத அறிஞர் வடக்கே நகர்ந்தனர். மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு கி.பி. 200ஐ ஒட்டிக் கலிலேயாவில் உருவாயிற்று. அதன் விரிவுரையாக எழுந்த ஒரு பெருந்தொகுப்புக்கு எருசலேம் தல்மூத் என்று பெயர். அதன் பெரும்பகுதி தொகுக்கப்பட்டது திபேரியாவில். ஊரை இழந்தவர்கள் தம் புத்தகத்துக்கு ஊரின் பெயரை வைத்தார்கள். வடக்கின் பள்ளிக்கூடங்கள் பலவற்றுக்குக் கொழும்பில் ஒரு பழைய மாணவர் சங்கக் கிளை இருப்பதைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பு ஏதும் இருக்காது.

கலிலேயர் என்பது இழிசொல்லாகவும் பயன்பட்டது. யோவானின் நூலில், இயேசுவுக்காக நியாயம் பேசும் நிக்கொதேமுவை அவருடைய சகாக்கள் வாயடைப்பது, நீரும் கலிலேயரோ என்ற ஒரே கேள்வியால். கி.பி. 361 முதல் 363 வரை உரோமையை ஆண்ட யூலியன், கிறிஸ்தவரை அந்தப் பெயரால் மட்டுமே அழைத்து ஒரு மறுப்பு நூலே எழுதினான். ஆனால் இழிவின் கூரிய முனை பெயரில் இல்லை, ஒலியில் இருந்தது. தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று மறுக்கும் இடத்தில், மத்தேயுவின்படி சுற்றி நின்றவர்கள் அவருடைய பேச்சே அவரைக் காட்டிக்கொடுக்கிறது என்கிறார்கள். கலிலேயர் அரமேய மொழியின் தொண்டையொலிகளை ஒழுங்காக வேறுபடுத்துவதில்லை என்பது தெற்கத்தியரின் நெடுநாள் கேலி. பாபிலோனியத் தல்மூதின் எருவின் என்ற பகுதியில், கலிலேயன் ஒருவன் சந்தையில் ஏதோ கேட்க, ஏறிப்போகக் கழுதையா, குடிக்கத் திராட்சைமதுவா, உடுக்கக் கம்பளியா, அறுக்க ஆட்டுக்குட்டியா என்று கேட்டு நகைக்கும் ஒரு துணுக்கு இருக்கிறது. நீதித்தலைவர்கள் நூலில் யோர்தான் துறையில் நடந்ததோ துணுக்கு இல்லை: ஷிபோலேத் என்று சொல்லச் சொல்லி, சிபோலேத் என்று உச்சரித்தவர்களை வெட்டிய கதை.

1983 ஜூலை 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டதை அடுத்து, 24ஆம் திகதி இரவு பொரளைக் கனத்தை மயானத்தில் தொடங்கிய வன்முறை, மறுநாள் வெள்ளவத்தையின் வீடுகளையும் கடைகளையும் எரித்தது. அந்நாட்களைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல். வழிமறித்தவர்கள் அதைச் சொல்லச் சொன்னார்கள். சொல்லின் முதலில் அந்த அதிரும் பகரம் வராத தமிழ் நா அதை வகரமாக்கினால் கதை முடிந்தது. அது சிங்களர் போர்த்துக்கேயரிடமிருந்து இரவல் வாங்கிய சொல் என்பது இதிலுள்ள கசப்பான வேடிக்கை. பேதுருவின் மறுப்பைக் கோழைத்தனம் பற்றிய பாடமாகப் பிரசங்கிக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. கொழும்பில் அதை அவ்வளவு எளிதாகப் பிரசங்கிக்க முடியாது. பேச்சால் பிடிபட்டுவிடுவோமோ என்று பேருந்தில் வாய்மூடி வந்தவர்கள் அந்த முற்றத்தின் குளிரை அறிவார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கலிலேயாவைத் தமக்குச் சொந்தமாக்கிக்கொண்டவர்களின் வரலாறு அப்படிப்பட்டது. 'பிற இனத்தாரின் கலிலேயா' என்ற சொற்றொடரைப் பற்றிக்கொண்டு, கலிலேயர் யூதரே இல்லை, எனவே இயேசுவும் யூதரில்லை என்று 1940இல் நூல் எழுதினார் வால்டர் குருண்ட்மன். ஜெர்மானியத் திருச்சபையிலிருந்து யூதச் சாயலைத் துடைப்பதற்கென ஐசனாக்கில் நிறுவப்பட்ட நிலையத்தை நடத்தியவர் அவர். லோமையரோ நாஸிகளை எதிர்த்ததால் பிரெஸ்லாவிலிருந்து கிரைஃப்ஸ்வால்டுக்கு மாற்றப்பட்டு, போர் முடிந்த பின் 1946இல் சோவியத் அதிகாரிகளால் கொல்லப்பட்டார். பிற்கால அகழாய்வு குருண்ட்மனின் கலிலேயாவைத் தரைமட்டமாக்கிவிட்டது: தீட்டு ஒட்டாத கற்பாத்திரங்கள், சடங்குக் குளியற்தொட்டிகள், பன்றி எலும்பு அரிதாகவே கிடைக்கும் குப்பைமேடுகள், மனித உருவம் பொறிக்காத அந்திப்பாவின் நாணயங்கள் ஆகியவை எல்லாம் முதலாம் நூற்றாண்டுக் கலிலேயா யூத வாழ்வு ஊறிய நிலம் என்றே காட்டுகின்றன. மார்க் சான்சி 2002இல் வெளியிட்ட நூல், யூதரல்லாதார் நிறைந்த கலிலேயா என்பதையே கட்டுக்கதை என்று தலைப்பில் வைத்தது.

நல்ல நோக்கத்தோடு உரிமை கொண்டாடியவர்களும் உண்டு. 1970களின் கொரியாவில் ஆன் பியுங்-மூ, மாற்குவில் இயேசுவைச் சூழ்ந்து நிற்கும் பெயரற்ற கூட்டத்தைத் தம் நாட்டு உழைக்கும் மக்களாக வாசித்தார். டெக்சாஸ் மாநிலத்தின் மெக்சிக்க வம்சாவளியினரான விர்ஹிலியோ எலிசோண்டோ, இரு பண்பாடுகளின் எல்லையில் இரண்டாலும் தள்ளப்பட்டவர்களின் நிலமாகக் கலிலேயாவை எழுதினார். அந்த நூல் வெளிவந்த ஆண்டும் 1983. இலங்கையில், களனியின் துலானா ஆய்வகத்திலிருந்து எழுதிய அலோய்சியஸ் பீரிஸ், ஆசியத் திருச்சபை ஆசிய சமயங்களின் யோர்தானிலும் ஆசிய வறுமையின் கல்வாரியிலும் மூழ்கியெழ வேண்டும் என்றார். அவர் எடுத்துக்கொண்ட இரண்டு பெயர்களும் சடங்கும் மரணமும் நிகழ்ந்த இடங்களின் பெயர்கள். பிழைப்பு நடந்த இடத்தின் பெயர் அந்தச் சூத்திரத்தில் இல்லை.

கொழும்புத் தமிழ்க் கிறிஸ்தவர், நாமே கலிலேயர் என்று சொல்லிக்கொள்வதற்குக் காரணம் நிறைய உண்டு. ஆனால் மாற்குவின் ஏழாம் அதிகாரத்தில், மகளுக்காக மன்றாடி வந்த சிரிய-பெனிக்கியப் பெண்ணிடம் பிள்ளைகளின் அப்பத்தை நாய்களுக்குப் போடலாகாது என்று சொல்லப்படுகிறது. எருசலேமில் ஏளனம் பட்ட வட்டாரத்துக்கும் ஏளனம் செய்ய அயலார் இருந்தார்கள். ஊர் என்று வடபுலத்தார் உருகிச் சொல்லும் இடத்தில் கிணற்றடிக்கும் கோவில் வாசலுக்கும் சாதி எல்லை இருந்தது. 1990 ஒக்டோபரில் அதே ஊர்களிலிருந்து, அதே தமிழைப் பேசிய முஸ்லிம்கள், சில மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக் கொட்டில்களில் போய்க் குந்தினார்கள். இவற்றை விட்டுவிட்டுக் கலிலேயாவை வாசிப்பது செப்போரிசை விட்டுவிட்டு வாசிப்பதைப் போன்றது.

ஊருக்குத் திரும்புதல் என்பது எல்லா வாயிலும் ஒரே பொருள் தருவதில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர், கொழும்பில் இருப்பதற்குத் தக்க காரணம் இல்லை என்று பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். பேருந்தில் ஏற்றியவர்களும் 'ஊருக்குப் போங்கள்' என்றுதான் சொன்னார்கள். அவர்கள் வாயில் ஊர் என்றால், உனக்கு உரியதாக நாங்கள் ஒதுக்கிய மூலை.

கல்லறையில் சொல்லப்பட்டதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு சொல்லில் அடங்கியிருக்கிறது, அந்தச் சொல்லுக்குத் தமிழ் கிரேக்கத்தைக் காட்டிலும் நன்றாக இடம் கொடுக்கிறது. மாற்கு பயன்படுத்தும் கிரேக்க வினைக்கு முந்திப்போதல், முன்நின்று நடத்திச்செல்லுதல் என்று இரு பொருளும் பொருந்தும். 'முன்' என்பது தமிழில் கடந்த காலத்தையும் எதிரே கிடக்கும் இடத்தையும் ஒருங்கே குறிக்கும். முன்னோர் கடந்துபோனவர்கள், முன்னேற்றம் இனி வருவது, முன்பு என்றால் அன்று, முன்னே என்றால் கண்ணெதிரே. தரங்கம்பாடியில் 1715இல் நிறைவுற்ற சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு முதல், கொழும்பில் பிறந்த பிலிப்பு தெ மெல்லோவின் உழைப்பில் இந்நகரின் ஒல்லாந்தர் அச்சகத்தில் 1759இல் வந்த பதிப்பும், ஆறுமுக நாவலர் துணைநிற்கப் பேர்சிவல் யாழ்ப்பாணத்தில் ஆக்கிய மொழிபெயர்ப்பும் உட்பட, இன்றைய திருவிவிலியம் வரை அந்த வசனம் தமிழ் கண்ட வரலாறு நெடியது. கலிலேயா சீடருக்கு முன்பு இருந்த ஊர். அதுவே அவர்களுக்கு முன்னே இருக்கும் ஊராகவும் சொல்லப்படும்போது, திரும்பிப்போகிறவர் விட்டுவந்த இடத்துக்குப் போவதில்லை. இன்னும் போய்ச்சேராத இடத்துக்கே போகிறார். போருக்குப் பின் ஏ-9 வீதி வழியே ஊர் பார்க்கப் போய், கூரையில்லாத வீட்டில் ஆலமரம் வேர்விட்டிருக்கக் கண்டு திரும்பியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உயிர்ப்பு விழாவின் முந்திய இரவில் கத்தோலிக்கக் கோவில்களில் வாசிக்கப்படும் நற்செய்தி மூன்றாண்டுச் சுழற்சியில் மாறிமாறி வரும். மத்தேயுவும் மாற்குவும் வரும் ஆண்டுகளில் கலிலேயாவுக்குப் போகும்படி சொல்லப்படுகிறது. லூக்கா வரும் ஆண்டில் கலிலேயாவை நினைக்கும்படி. 2019 லூக்காவின் ஆண்டு. ஏப்ரல் 20ஆம் திகதி இரவு வாசிக்கப்பட்டது நினைவின் கலிலேயா. மறுநாள் காலை 8.45 அளவில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. அங்கும், நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் கொழும்பின் விருந்தினர் விடுதிகளிலும் அன்று இறந்தவர்கள் மொத்தம் 250 பேருக்கு மேல். கொட்டாஞ்சேனை வட்டாரம் உயிர்ப்பு ஞாயிறில் இரத்தம் காண்பது அது முதல்முறையும் அல்ல; 1883 மார்ச் 25ஆம் திகதி பௌத்த ஊர்வலமொன்றின் மேல் நடந்த தாக்குதலும் அதே திருநாளில், அதே தெருக்களில்.

யோவானின் கடைசி அதிகாரத்தில், என்ன செய்வதென்று தெரியாத சீடர் ஏழுபேர் பழைய தொழிலுக்கே போய் இரவு முழுதும் வலைவீசி வெறுங்கையோடு திரும்புகிறார்கள். விடியும்போது கரையில் கரி நெருப்பு மூட்டப்பட்டு, அதன்மேல் மீனும் பக்கத்தில் அப்பமும் இருக்கின்றன. கரி நெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடங்களில் வருகிறது, இரண்டும் யோவானின் நூலில்: ஒன்று இந்தக் கரை, மற்றது பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மும்முறை மறுத்த குருவின் முற்றம். முற்றத்து நெருப்பருகே அவரிடம் கேட்கப்பட்டவை எல்லாம் ஆள் யார் என்று அறியும் கேள்விகள். வாவிக்கரையிலும் பேதுருவிடம் இயேசு மூன்று கேள்விகள் கேட்கிறார். அவற்றுள் ஒன்றும் பேதுரு எவடம் என்பதைப் பற்றியதல்ல, அந்தக் கரையில் இருந்த எவருக்கும் பேதுருவின் பேச்சு விசித்திரமாகப் படவும் இல்லை. முதலில் சாப்பிடச் சொல்கிறார்.